ஒரு கிலோ ரூபாய் எத்தனை ரூபாய்?

ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா என்று யாரேனும் கேட்டால் நீங்கள் ஏமாற மாட்டீர்கள். வேறொரு கேள்வி கேட்கிறேன். ஒரு துணிப்பையில் சரியாக ஒரு கிலோ எடைக்கு ஒரு ரூபாய் நாணயங்கள் இருக்கின்றன. பையில் எத்தனை ரூபாய் இருக்கும்?

206 ரூபாய் என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். 264 என்று இன்னொருவரும், 324 என்று மற்றொருவரும் சொன்னால் அவர்களையும் மறுக்க முடியாது. இது விடுகதை அன்று. புதுக்கோட்டையில் தள்ளுவண்டி வைத்து வறுகடலை விற்கும் ஒருவருக்கு இந்தக் குழப்பத்தால் தொண்ணூறு ரூபாய் போகவிருந்தது.

ஒரு நாள் மாலை அவர் என்னை வழிமறித்துக் கேட்டார்: "சார், நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே? தராசு பொய் சொல்லுமா?"

"தராசு பொய் சொல்லாதண்ணே. நாம கேக்குற கேள்விதான் சில நேரம் தப்பா இருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியின் அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். அதில் பத்துப் பிளாஸ்டிக் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் நூறு ஒரு ரூபாய் நாணயங்கள். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்து எண்ணிக் கட்டியவை. அன்று காலை ஒரு வங்கிக் கிளையில் கட்டப் போயிருக்கிறார். பின்னால் நீண்ட வரிசை. காசாளர் ஒரு பொட்டலத்தை மின்னணுத் தராசில் வைத்தார். 344 கிராம் காட்டியது. ஒரு நாணயத்தின் எடை 3.79 கிராம் என்று அவரிடம் குறிப்பு இருந்தது. வகுத்துப் பார்த்தார். "இதில் 91தான் இருக்கிறது" என்றார். மற்றப் பொட்டலங்களும் ஏறத்தாழ அதே எடை. ஆயிரம் ரூபாய் 910 ரூபாய் ஆகிவிட்டது! பணம் போவதைவிட, குறைத்துக் கட்டிக் கொண்டுவந்தவன் என்று பெயர் எடுத்ததுதான் அவருக்கு வேதனை. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். திரும்ப எண்ணினால் ஒவ்வொன்றிலும் சரியாக நூறு.

மறுநாள் இரண்டு பொட்டலங்களைக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் தராசும் 344 கிராம் என்றே சொன்னது. மேசைமேல் கொட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது.

(ஓர் இடைக்குறிப்பு. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் நான் இங்கே 'நிறை' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் கடைத்தெருவில் யாரும் நிறை பார்ப்பதில்லை, எடைதான் பார்க்கிறார்கள். தேர்வில் மட்டும் என்னைப் பின்பற்றாதீர்கள்.)

எடை பார்த்து நாணயம் எண்ணுவது முறைகேடான செயல் அன்று. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை எடைபோட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும், நூறு நூறாகப் பிளாஸ்டிக் உறைகளில் கட்டிக்கொடுத்தால் இரு தரப்பாருக்கும் வசதி என்றும் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆகவே காசாளர் செய்த முறை சரி. அவர் பயன்படுத்திய எண்தான் எல்லா நாணயங்களுக்கும் பொருந்தாத எண்.

உங்கள் வீட்டு உண்டியலைத் திறந்து ஒரு ரூபாய் நாணயங்களை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். பெரும்பாலும் மூன்று வகை இருக்கும். 1992 முதல் 2011 வரை வந்தவை 25 மில்லிமீட்டர் விட்டமும் 4.85 கிராம் எடையும் கொண்டவை. இவற்றுள் பிற்பட்டவற்றில் பெருவிரலை உயர்த்திய ஒரு கை இருக்கும். 2011-இல் வந்தவை ஏறத்தாழ 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். இவற்றில்தான் புதிய ரூபாய்க் குறி முதலில் வந்தது. 2019 மார்ச்சில் வெளியான வரிசையில் ஒரு ரூபாய் இன்னும் சிறுத்து 20 மில்லிமீட்டர், 3.09 கிராம் ஆகிவிட்டது. மூன்றும் துருப்பிடிக்காத எஃகு. மூன்றும் செல்லும். மூன்றும் ஒரு ரூபாய்தான். ஒரு கிலோவை, அதாவது 1000 கிராமை, இந்த மூன்று எடைகளாலும் வகுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் நான் சொன்ன மூன்று விடைகளும் கிடைக்கும்.

இப்போது பொட்டலத்துக்கு வருவோம். அதில் இருந்தவை 2011 வரிசையும் 2019 வரிசையும் கலந்தவை. நூறும் 2011 வரிசையாக இருந்தால் 379 கிராம் இருக்க வேண்டும். ஒரு நாணயத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் 2019 நாணயம் ஒன்றை வைத்தால் 0.70 கிராம் குறையும். குறைந்திருப்பதோ 379 − 344 = 35 கிராம். 35-ஐ 0.70-ஆல் வகுத்தால் 50. அதாவது பாதிக்குப் பாதி. பிரித்து எண்ணினோம். ஒரு பொட்டலத்தில் 50-ம் 50-ம், மற்றதில் 51-ம் 49-ம் இருந்தன. இரண்டு தெரியாத எண்கள், இரண்டு சமன்பாடுகள் என்று ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் போடும் கணக்குதான் இது. அப்பாவின் வயது, மகனின் வயது என்று போட்டுப் போட்டு அலுத்தவர்கள் இதைப் போடலாம்.

எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்ததால்தான் கணக்கு விடுபட்டது என்பதைக் கவனியுங்கள். காசாளருக்கு எண்ணிக்கைதான் தெரியாது. அவரிடம் ஒரே சமன்பாடு, தெரியாத எண்களோ இரண்டு. கலந்து கட்டிய பொட்டலத்தை எத்தனை நுட்பமான தராசில் வைத்தாலும் விடை கிடைக்காது.

இன்னொரு வேடிக்கை. 2011-இல் வந்த இரண்டு ரூபாய் நாணயத்தை எடைபோட்டால் 4.85 கிராம் காட்டும். விட்டம் 25 மில்லிமீட்டர். எங்கோ கேட்ட எண்கள் போலத் தோன்றுகிறதா? பழைய ஒரு ரூபாயின் எண்கள்! 2011-இல் இந்த இரண்டு நாணயங்களும் தமக்கு அடுத்த கீழ்மதிப்பு நாணயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டன. இரண்டு ரூபாய்க்குப் பழைய ஒரு ரூபாயின் சட்டை. ஒரு ரூபாய்க்குப் பழைய ஐம்பது பைசாவின் சட்டை. உலோகத்தை மிச்சப்படுத்தியது புரிகிறது. ஆனால் பார்வையற்ற ஒருவர் தம் உள்ளங்கையில் இருப்பது ஒன்றா இரண்டா என்று எப்படி அறிவார்? தராசும் இந்த விஷயத்தில் பார்வையற்றதுதான்.

எடைக்கும் மதிப்புக்கும் எப்போதுமே தொடர்பு இல்லாமல் இருந்ததா என்றால், இல்லை. உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம். அதற்கு ஒரு தோலா என்று பெயர். அரை ரூபாய் அதில் சரிபாதி, கால் ரூபாய் அதிலும் பாதி. ஆகவே வெள்ளி ரூபாயும் அரையும் காலும் கலந்த மூட்டையை அப்படியே தராசில் வைத்தால் மொத்த மதிப்பு தெரிந்துவிடும். பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. தட்டாரிடம் நகை எடைபோட ரூபாயே எடைக்கல்லாகவும் இருந்தது. பிரிட்டனில் இந்த ஏற்பாடு இன்றும் உண்டு. அங்கே ஒரு பென்னி 3.56 கிராம், இரண்டு பென்னி 7.12 கிராம். 1992-இல் அந்த நாணயங்களை வெண்கலத்திலிருந்து செம்புப் பூச்சிட்ட எஃகுக்கு மாற்றியபோது எடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எஃகு வெண்கலத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடை வருவதற்காக நாணயத்தைச் சற்றுத் தடிப்பாக்கினார்கள். வங்கித் தராசுகளுக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை. அங்கே பழைய பென்னியையும் புதிய பென்னியையும் பிரிக்க ஒரு காந்தம் போதும்.

சரி, எல்லாம் ஒரே வரிசை நாணயங்கள் என்றால் தராசை முழுவதும் நம்பலாமா? இங்கேதான் பாடப்புத்தகத்தில் நீங்கள் அவசரமாகப் புரட்டிவிடும் 'பிழைகள்' என்ற பகுதி உயிர் பெறுகிறது. அச்சுச்சாலையில் எந்த இரண்டு நாணயமும் மயிரிழை சுத்தமாக ஒரே எடையில் பிறப்பதில்லை. ஒன்று 0.1 கிராம் கூடுதல், ஒன்று 0.1 கிராம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். நூறு நாணயங்களைச் சேர்த்தால் பிழை நூறு மடங்கு, அதாவது 10 கிராம் ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். எஞ்சுவது நூறின் வர்க்கமூலமாகிய பத்து மடங்குதான். அதாவது சுமார் 1 கிராம். ஒரு நாணயத்தின் எடையில் பாதிகூட இல்லை. ஆகவே நூறு நாணயங்களைத் தராசு பெரும்பாலும் சரியாகவே எண்ணிவிடும். நானூறு என்றால் பிழை 2 கிராம் ஆகும். அது அரை நாணயத்துக்குச் சமம். அப்போது ஒன்று கூடவோ குறையவோ சொல்லிவிட வாய்ப்புண்டு.

தேய்மானம் அப்படிப்பட்டதன்று. கைமாறிக் கைமாறி எல்லா நாணயமும் தேயத்தான் செய்யும், எதுவும் வளராது. ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் நூறு நாணயங்களில் முழுதாக ஒரு நாணயம் குறையும். ஆயிரத்தில் பத்து. ஒன்றையொன்று அழித்துக்கொள்ள இங்கே எதிர்ப்பக்கம் ஆளே இல்லை. முதல் வகைப் பிழையை நிறையப் பொருள்களை அளந்து வெல்லலாம். இரண்டாம் வகையை வெல்ல அதன் காரணத்தைத் தேடிப் போக வேண்டும்.

எடையில் உள்ள இந்தச் சிறு வேறுபாடுகளைத் தொழிலாகவே கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களோடு மல்லுக்கட்டியவர் யார் தெரியுமா? நீங்கள் நன்கு அறிந்த ஐசக் நியூட்டன்! ஆப்பிளும் ஈர்ப்பு விசையும் மட்டும் அவர் வாழ்க்கை அல்ல. 1696-இல் லண்டன் அரசு நாணயச்சாலைக்கு அதிகாரியாகப் போனவர், 1699 முதல் 1727-இல் இறக்கும்வரை அதன் தலைவராகவே இருந்தார். அக்காலத்தில் தங்கக் கினி நாணயங்கள் ஒரே எடையில் வெளிவரவில்லை. சில இரண்டு மூன்று கிரெயின் கூடுதல், சில அதே அளவு குறைவு. ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம். புதுக் காசு வெளிவந்ததும் சிலர் அவற்றைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துக் கனமானவற்றைப் பொறுக்கி எடுத்து உருக்கி, அந்தத் தங்கத்தையே மீண்டும் காசடிக்க நாணயச்சாலைக்குக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இலாபம். அந்தக் கனத்த காசுகளுக்கு 'மீண்டும் வா கினி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். காசுகளின் எடை வேறுபாட்டைக் குறைத்து இந்த ஆட்டத்தைத் தாம் நிறுத்தியதாக நியூட்டன் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார். கோள்களின் ஓட்டத்தைக் கணக்கிட்டவர் ஒரு கினிக்குள் இரண்டு கிரெயினைத் துரத்திக்கொண்டிருந்தார் என்பதில் எனக்கு ஏனோ மிகுந்த மகிழ்ச்சி.

நியூட்டன் விரட்டிய அந்த ஆசாமிகளின் வாரிசுகள் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் செய்வது குற்றம் அன்று, பொழுதுபோக்கு. அந்நாட்டு வங்கிகளில் நாணயங்களைக் காகிதத்தில் உருளையாகச் சுற்றிக் கொடுப்பார்கள். ஒரு சென்ட் நாணயங்கள் ஐம்பது ஒரு சுருள். டைம் எனப்படும் பத்து சென்ட் நாணயங்களும் ஐம்பது ஒரு சுருள். பொழுதுபோக்குக்காரர் வங்கிக்குச் சென்று சுருள்களை வாங்கி வருவார். வீட்டில் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கட்டிவிடுவார்.

என்ன தேடுகிறார்கள்? 1964 வரை அங்கே டைம் நாணயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி இருந்தது. 1965-இல் சட்டம் மாறியது. வெள்ளி போய், செம்பை நடுவில் வைத்து இருபுறமும் செம்பு-நிக்கல் கலவையை ஒட்டிய நாணயம் வந்தது. வெள்ளி டைம் 2.50 கிராம், புதியது 2.27 கிராம். எடைபோடக்கூட வேண்டாம். சுருளைப் பிரித்து விளிம்புகளைப் பார்த்தால் புதிய நாணயங்களில் செம்புக் கோடு தெரியும். வெள்ளி மட்டும் வெள்ளை விளிம்போடு தனித்து நிற்கும். ஒரு சென்ட் கதை இன்னும் சுவையானது. 1982-ஆம் ஆண்டின் நடுவில் அதைச் செம்பிலிருந்து, செம்புப் பூச்சிட்ட துத்தநாகத்துக்கு மாற்றினார்கள். எடை 3.11 கிராமிலிருந்து 2.50 கிராமுக்கு இறங்கியது. ஐம்பது செம்புக் காசுகளின் சுருள் 155.5 கிராம், துத்தநாகச் சுருள் 125 கிராம். ஆகவே சுருளைப் பிரிக்காமலே, காகித எடையைக் கழித்துவிட்டால், உள்ளே எத்தனை செம்பு என்று நம் கடலைக்காரரின் சமன்பாட்டைக் கொண்டே சொல்லிவிடலாம். (இந்த ஒரு சென்ட்டை மக்கள் புழக்கத்துக்கு அச்சிடுவதை அமெரிக்கா 2025 நவம்பரில் நிறுத்திவிட்டது. செம்பு விலைக்காக அதை உருக்குவதற்கு அங்கே ஏற்கெனவே தடை உண்டு.)

வங்கிகள் சும்மா இருக்குமா? சுருள் சுற்றுவதற்கும் எண்ணுவதற்கும் இடத்துக்கும் செலவு ஆகிறது. ஆகவே சில வங்கிகள் சுருளுக்கு இத்தனை சென்ட் என்று கட்டணம் வாங்குகின்றன. பத்து சென்ட் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டைம் சுருளின் மதிப்பு 5 டாலர்; கட்டணம் நூற்றுக்கு இரண்டு. ஒரு சென்ட் சுருளின் மதிப்போ அரை டாலர்தான். கட்டணம் நூற்றுக்கு இருபது! கட்டணம் ஒன்றேதான். ஆனால் காசு சிறியதாக ஆக ஆக அது கடிக்கும் பங்கு பெரிதாகிறது. வெள்ளி தேடுகிறவர் நூறு சுருள் பார்த்தால் பத்து டாலர் கட்டணம். அதை ஈடுகட்டக்கூடிய அளவு வெள்ளி கிடைக்குமா? ஒரு வெள்ளி டைமில் 2.25 கிராம் வெள்ளிதான் உண்டு. கிடைக்கும் வாய்ப்பும் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. நல்ல காசை எல்லோரும் பதுக்கிக்கொள்ள, மோசமான காசே தெருவில் சுற்றும் என்று பொருளாதாரத்தில் ஒரு விதி சொல்வார்கள். சுருள் வேட்டைக்காரர்கள் அந்த விதியின் கடைசிப் பக்கத்தில் மிச்சம் மீதியைப் பொறுக்குகிறவர்கள் எனலாம்.

நம் நாட்டில் நிலைமை ஏறத்தாழத் தலைகீழ். ஒரு வரம்புக்கு மேல் ரொக்கம் கட்டினால் கையாளும் கட்டணம் வாங்கும் வங்கிகள் இங்கும் உண்டு. ஆனால் நாணயத்தை வங்கியிலிருந்து மக்களிடம் கொண்டு சேர்ப்பதற்கு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கூலி கொடுக்கிறது! மூட்டைக்கு 25 ரூபாயாக இருந்த அந்த ஊக்கத்தொகையை 2021 செப்டம்பர் முதல் 65 ரூபாயாக உயர்த்தினார்கள். கிராமப்புறம், சிற்றூர் என்றால் மேலும் பத்து ரூபாய். இருப்பு இருந்தும் நாணயம் கொடுக்க மறுக்கும் கிளைக்கு அபராதமும் உண்டு. ஏன் இந்தப் பாடு? நாணயம் ஓரிடத்தில் குவிந்து கிடக்கும், வேறோரிடத்தில் சில்லறைக்குத் திண்டாட்டமாக இருக்கும். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் பல ஊர்களில் பேருந்திலும் கடையிலும் அதை வாங்க மறுத்தார்கள். ஒரு நாணயத்தில் பத்துக் கதிர்கள், மற்றொன்றில் பதினைந்து, ஒன்றில் ரூபாய்க் குறி உண்டு, மற்றொன்றில் இல்லை. இதுதான் சந்தேகத்துக்கு வித்து. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 சனவரியில் அறிவித்தது. மறுத்தவர்கள் யாரும் அதை நிறுத்துப் பார்க்கவில்லை, அளந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாமே 27 மில்லிமீட்டர்.

காசின்மேல் சந்தேகம் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. ஆலங்குடி வட்டாரத்தில் உள்ள கறுக்காக்குறிச்சியில் 1898-இல் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியத் தங்கக் காசுகள்! பேரரசர் அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலான காலத்தவை. அதாவது ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாகக் கடல் கடந்து வந்தவை. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட காசுகளில், அரசர் தலையின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருந்தது. ஏன் வெட்டினார்கள்? தேய்ந்த காசு இனிக் காசாகச் செல்லாமல் வெறும் தங்கமாக மட்டும் மதிக்கப்படட்டும் என்று வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். மேலே தங்கப்பூச்சு, உள்ளே வேறு உலோகமோ என்று பார்க்க வெட்டினார்கள் என்பது மற்றொன்று. ரோமானியக் காசின் எடையும் நிலையாக இல்லை. அகஸ்டஸ் காலத்தில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, கி.பி. 64-இல் நீரோ மன்னனின் கையில் சுமார் 7.3 கிராமுக்கு இறங்கியது. நம் ஊர் வணிகன் தலையைப் பார்க்காமல் தராசைப் பார்த்திருப்பான் என்றே நான் நினைக்கிறேன். வெட்டுப்பட்ட அந்தக் காசுகளில் பலவற்றை இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசைப் பாருங்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரியில் அரண்மனை வாசலில் அரிசியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட செம்புக்காசு அது. கையால் அடித்த பழைய அம்மன் காசுகளின் ஓரத்தைக் கவனியுங்கள். இரண்டு காசு ஒரே வட்டமாக இருக்காது. அதைத் தராசால் எண்ண முயன்றவர் பாடு எப்படி இருந்திருக்கும்!

(வயலிலோ கொல்லையிலோ பழங்காசு தட்டுப்பட்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.)

வீட்டு உண்டியலில் தேடுவதற்கு எந்தச் சட்டமும் இல்லை, கட்டணமும் இல்லை. ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஃகு நாணயங்கள் ஒட்டும். ஒட்டாமல் நழுவுகிற பழைய இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் எல்லாம் செம்பு-நிக்கல் கலவை. கனமான ஐந்து ரூபாய் ஒன்பது கிராம். அப்படி இருபது கிடைத்தால் அளவுகலத்தில் நீர் ஊற்றி, அவற்றை உள்ளே போட்டு நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். 20 மில்லிலிட்டரை ஒட்டி உயர்ந்தால் அடர்த்தி 9-ஐ நெருங்குகிறது என்று பொருள். செம்புக்கும் ஏறத்தாழ அதே அடர்த்திதான். பிறகு ஆண்டு எண்ணுக்குக் கீழே கூர்ந்து பாருங்கள். சிறு வைரம் போன்ற குறி இருந்தால் மும்பையில் அச்சானது. விண்மீன் இருந்தால் ஐதராபாத்து. வட்டப்புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரு நோட்டில் ஆண்டு, குறி, எடை, விட்டம் என நான்கு பத்தி போட்டு எழுதி வாருங்கள். அரிய நாணயம், இலட்ச ரூபாய் விலை என்று ஆசை காட்டுகிறவர்களை நம்பவேண்டாம். அவர்கள் விற்பது பெரும்பாலும் ஆசையைத்தான்.

கடலைக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் மாணவர்கள் அவருக்கு ஒரு சல்லடை செய்து கொடுத்தார்கள். கெட்டி அட்டையில் கவராயத்தால் 11.5 மில்லிமீட்டர் ஆரத்தில் வட்டங்கள் வரைந்து வெட்டி ஒரு தட்டு, 10.5 மில்லிமீட்டர் ஆரத்தில் வெட்டி இன்னொரு தட்டு; அதற்கும் கீழே துளையில்லாத தட்டு. இரண்டு ரூபாயையும் மற்றவற்றையும் முதலில் கையால் பொறுக்கிவிட வேண்டும். பிறகு ஒரு ரூபாய் நாணயங்களை மேலே கொட்டிக் குலுக்கினால் 25 மில்லிமீட்டர் நாணயம் மேல்தட்டிலும், 22 நடுத்தட்டிலும், 20 அடித்தட்டிலும் தங்கும். நாணயம் செங்குத்தாக நழுவிச் சிறிய துளையில் இறங்கிவிடாதா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வட்டத் தகட்டை எப்படித் திருப்பினாலும் அதன் அகலம் விட்டத்துக்குக் குறையாது, ஆகவே இறங்காது. சாலையில் பாதாளச் சாக்கடை மூடியை வட்டமாகச் செய்வதும் அதற்காகத்தான். இப்போது அவருடைய பொட்டலங்களின் மேல் 485, 379, 309 என்று கிராம் எழுதியிருக்கும். காசாளரும் எடைபோட்டுத் தலையாட்டிவிடுகிறார்.

போன மாதம் அவர் மறுபடி என்னை நிறுத்தினார். உள்ளங்கையில் ஒரு காசு. "சார், இது உங்க சல்லடையில ரூபாயோட ரூபாயா உக்காந்துக்கிச்சு."

வாங்கிப் பார்த்தேன். பழைய ஐம்பது பைசா. எஃகு, 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். சல்லடைக்கும் தெரியாது, தராசுக்கும் தெரியாது, காந்தத்துக்கும் தெரியாது. கண்ணைத் தவிர வேறெதனால் இதைப் பிரிப்பது என்று எங்கள் மாணவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். தரையில் சுண்டி ஒலியைக் கேட்டுப் பார்த்தோம், பயனில்லை. உங்களுக்கு ஏதேனும் வழி தோன்றினால் முதலில் செய்து பார்த்துவிட்டு, பிறகு ஆசிரியருக்கு எழுதுங்கள்.